சதுர அடி ரேட்டில் இடம்பெறாத செலவு

வேலூரில் இன்று எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு கட்டடமாவது எழும்பிக்கொண்டிருக்கிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளை நம்பிப் பழைய நகரத்தின் குறுகிய தெருக்களில் விடுதிகள் மாடிமேல் மாடியாக உயர்கின்றன. காட்பாடியில் வி.ஐ.டி. மாணவர்களுக்கான அறைகள், சத்துவாச்சாரி, பாகாயம் பக்கத்து மனைப்பிரிவுகளில் தனி வீடுகள், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் தோல் தொழிற்கூடங்களும் கிடங்குகளும் என்று வேலைக்குக் குறைவில்லை. பழைய வடாற்காடு 1989இல் பிரிந்து, மிஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றானபின், ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் புதிய அரசு அலுவலகக் கட்டடங்களும் இவற்றோடு சேர்ந்துகொண்டன.

இந்த வேலைகளில் பெரும்பகுதியைச் செய்பவர்கள் சிறு ஒப்பந்ததாரர்கள். அவர்களுடைய வேலையிடத்தில் ஒருவர் விழுந்தாலோ மின்சாரம் தாக்கினாலோ, முதலில் சொல்லப்படும் காரணம் “ஆள் கவனமாக இல்லை” என்பதுதான். அந்த விளக்கத்தை ஏற்க முடியாது. ஒரு கொத்தனார் பெரிய ஆலை வளாகத்துக்குள் வேலைக்குப் போனால், தலைக்கவசமும் காலணியும் இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது என்பதால் இரண்டையும் அணிந்தே போகிறார். அவரே அடுத்த வாரம் ஊருக்குள் ஒரு வீட்டு வேலைக்கு வரும்போது தலையில் துண்டும் காலில் ரப்பர் செருப்புமாகச் சாரம் ஏறுகிறார். இரண்டு இடத்திலும் ஆள் ஒருவரே. வேறுபடுவது வேலை கொடுக்கப்பட்ட விதம். பாதுகாப்புக்கு யார் பணம் தருகிறார், தவறினால் யார் பதில் சொல்கிறார் என்ற இரண்டும் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட இடத்தில் தொழிலாளி கவனமாக இருக்கிறார். தீர்மானிக்கப்படாத இடத்தில் அவருடைய உயிர் அவருடைய பாடு என்றாகிவிடுகிறது.

வீட்டுக்காரர் ஒரு இன்ஜினியரிடமோ கான்ட்ராக்டரிடமோ சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறார். சிமெண்டு எந்த பிராண்டு, கம்பி எந்த கம்பெனி, டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலையில், கதவுக்குத் தேக்கா வேங்கையா என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வரும். சில ஒப்பந்தங்களில் சுவிட்சின் நிறம்கூட எழுதப்பட்டிருக்கும். சாரம் எப்படிப்பட்டது, மாடி விளிம்பில் தடுப்பு உண்டா, செண்ட்ரிங் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும்) எத்தனை நாள் நிற்க வேண்டும் என்பது எழுதப்படுவதில்லை. கான்ட்ராக்டர் அந்த வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கம்பி கட்டுபவருக்கு டன் கணக்கிலும், செண்ட்ரிங்காரருக்குச் சதுர அடிக் கணக்கிலும், பூச்சு மேஸ்திரிக்கு வேறொரு கணக்கிலும் விடுகிறார். மேஸ்திரி அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்தோ, பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்களிலிருந்தோ ஆள் சேர்க்கிறார். கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ரேட்டு கொஞ்சம் குறைகிறது; ஆபத்து மட்டும் குறையாமல் அப்படியே கீழே இறங்குகிறது. கடைசியில் அது வந்து சேரும் ஆளிடம் அதைத் தடுப்பதற்கான பணமும் இல்லை, வேலையை நிறுத்துவதற்கான அதிகாரமும் இல்லை.

வேலை தொடங்கும் நாளில் பூசணிக்காய் உடைப்பதற்கும், கட்டடத்தின் முகப்பில் திருஷ்டி பொம்மை கட்டுவதற்கும் எந்த வீட்டுக்காரரும் தயங்குவதில்லை. யாருக்கும் தீங்கு வந்துவிடக் கூடாது என்ற அந்த எண்ணம் உண்மையானது. ஒப்பந்தத் தாளில் அது ஒரு வரியாகக்கூட இறங்குவதில்லை என்பதுதான் குறை.

இந்த ஏற்பாடு எப்படி உயிரை வாங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, கூரைத் தளம் போடும் வேலையைக் கொஞ்சம் அருகில் சென்று பார்க்க வேண்டும். ஈரமான கம்பியிட்ட கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,500 கிலோ எடை கொண்டது. ஐந்து அங்குலத் தளம் என்றால் ஒரு சதுர அடிக்குச் சுமார் 29 கிலோ. ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு 29 டன். மேலே நிற்கும் ஆட்களின் எடையும், கலவை கொட்டும் வேகத்தால் ஏற்படும் அதிர்ச்சியும், ஓர் இடத்தில் குவிந்துவிடும் கலவையின் பாரமும் இதில் சேரவில்லை. கான்கிரீட் இறுகித் தன் காலில் நிற்கும்வரை இந்த முழுப் பாரத்தையும் தாங்குபவை கீழே வரிசையாக நிற்கும் சவுக்குக் கட்டைகளும் இரும்பு ஜாக்கிகளும்தான்.

அந்த முட்டுகளில் தவறு எங்கே நடக்கிறது என்பது கொஞ்ச காலம் கட்டட வேலை பார்த்தவர்களுக்கே தெரியும். உயரம் பற்றாத சவுக்குக் கட்டைக்கு அடியில் இரண்டு செங்கல்லை அடுக்கி ஆப்பு அடிப்பார்கள். அல்லது இரண்டு கட்டைகளை ஆணியடித்து ஒட்டி நீளமாக்குவார்கள். நேற்று நிரப்பிய மண்ணின் மேல் பலகைகூட வைக்காமல் ஜாக்கியை நிறுத்துவார்கள். முதல்நாள் இரவு மழை பெய்திருந்தால் அந்த மண் இறங்கிவிடும். முட்டுகளை ஒன்றோடொன்று குறுக்காகக் கட்ட வேண்டிய கட்டைகள் “நேரமில்லை” என்று விடுபடும். நேராக நிற்கும்வரை ஒரு முட்டு தாங்கும் பாரம் பெரிது. கொஞ்சம் சாய்ந்துவிட்டால் அந்தத் தாங்குதிறன் சட்டென்று விழுந்துவிடும், அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும், அதுவும் சாயும். தளம் சரியும்போது பெரும்பாலும் முழுதாகச் சரிவதற்குக் காரணம் இந்தத் தொடர்ச்சிதான். மேலே கலவை ஊற்றிக்கொண்டிருப்பவர்களும், கீழே முட்டுகளைப் பார்த்துக்கொள்ள நிறுத்தப்பட்டவரும் ஒரே நொடியில் அதில் சிக்குகிறார்கள்.

தளம் போட்டு முடிந்ததும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை. ஐ.எஸ். 456:2000 என்ற இந்தியத் தரநிலை, சாதாரண சிமெண்டும் சாதாரண வெப்பநிலையும் உள்ள இடங்களில், தாங்கும் சுவர்களுக்கிடையே 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகள் 7 நாளும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 14 நாளும் நிற்க வேண்டும் என்கிறது. உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். நடைமுறையில் இந்த நாட்களை முடிவுசெய்வது செண்ட்ரிங்காரரின் அடுத்த வேலை. அவரிடம் இருப்பது ஒரு செட்டுச் சீட்டும் (கான்கிரீட்டுக்கு அடியில் பரப்பும் தகடுகள்) கட்டையும்தான். அவை இங்கே நின்றால் அடுத்த சைட்டில் வேலை நிற்கும், வாடகைக்கு எடுத்திருந்தால் வாடகை ஓடும். “இன்னா மேஸ்திரி, திங்கக்கெழம பிரிச்சிடலாமா?” என்று கான்ட்ராக்டர் போனில் கேட்கிறார், “பிரிச்சிடலாம் சார், சீட்டு காட்பாடி சைட்டுக்குப் போவணும்” என்று பதில் வருகிறது. தளம் போட்ட தேதி என்ன, கான்கிரீட் எந்தத் தரம், அகலம் எவ்வளவு என்ற கேள்வி இந்த உரையாடலில் எங்கும் வரவில்லை. செண்ட்ரிங்குக்குச் சதுர அடி கணக்கில் மட்டும் கூலி கொடுத்துவிட்டு, அது நிற்க வேண்டிய நாட்களுக்குத் தனியாக எதுவும் கொடுக்காத வரைக்கும், சீக்கிரம் பிரிக்கும் செண்ட்ரிங்காரரே அதிகம் சம்பாதிப்பார். இது அவருடைய குணத்தைப் பற்றிய விஷயமல்ல.

உயரத்திலிருந்து விழுவது இன்னொரு பெரிய காரணம். வெளிப்பூச்சுக்குச் சவுக்குக் கட்டையும் கயிறும் கொண்டு கட்டப்படும் சாரம் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் புழங்குவது. நன்றாகக் கட்டினால் அதில் பாதுகாப்பாக வேலை செய்யலாம். நிற்பதற்கு ஒரே ஒரு பலகை, அதுவும் இரு முனையிலும் கட்டப்படாமல், இடுப்பளவில் பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டையும் இல்லாமல் இருப்பதுதான் கொல்கிறது. பாதுகாப்புப் பெல்ட் வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று சில ஒப்பந்ததாரர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கும். பெல்ட்டின் கொக்கியை எதில் மாட்டுவது என்று அங்கே யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஆடுகிற சவுக்குக் கட்டையில் மாட்டிய பெல்ட் விழுபவரோடு சாரத்தையும் சேர்த்து இழுத்துவிடும். மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் விடப்பட்ட திறந்த ஓட்டைகளில் விழும் அபாயம் தலையில் பாண்டு (கலவைச் சட்டி) சுமந்து செல்லும் சித்தாள் பெண்களுக்கு அதிகம், ஏனென்றால் சுமையோடு நடக்கும் அவர்களால் குனிந்து காலடியைப் பார்க்க முடியாது. அந்த ஓட்டையைச் சுற்றி நான்கு கட்டை அடிப்பதற்கு ஆகும் செலவு மிக அற்பமானது. சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வெயிலுக்கும் தூசிக்கும் அந்தப் பெண்கள் தாங்களே கண்டுபிடித்துக்கொண்ட ஏற்பாடு. கலவை இயந்திரத்தின் சுழலும் பாகத்தில் முந்தானை சிக்காமல் இருக்க அந்தப் பாகத்துக்கு மூடி போடுவது, ஒப்பந்ததாரர் செய்ய வேண்டிய வேலை.

வேலூரின் பழைய தெருக்களில் மின்கம்பி தனி அபாயம். மத்திய மின்சார ஆணையத்தின் விதிகளின்படி, குறைந்த அழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டரும் மேலே 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பியாக இருந்தால் மேலே 3.7 மீட்டர். கான்கிரீட்டுக்கான இரும்புக் கம்பி வருவது 12 மீட்டர் நீளத்தில். அதைத் தெருவிலிருந்து நிமிர்த்தி இரண்டாம் மாடிக்கு ஏற்றும்போது, ஒரு முனையைப் பிடித்திருப்பவரின் கண்ணுக்கு மறு முனை எங்கே போகிறது என்று தெரிவதில்லை. கீழேயே அளவுக்கு வெட்டி ஏற்றலாம். அல்லது மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து அந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்தச் சொல்லலாம். இரண்டுக்கும் தேவை அரைநாள் பொறுமை.

அதிகம் பேசப்படாத, ஆனால் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிற ஒன்று, புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டியிலும் செப்டிக் டேங்கிலும் செண்ட்ரிங் பிரிக்க இறங்குபவர்களின் சாவு. தொட்டி புதியது, அதில் கழிவு ஒரு சொட்டும் இல்லை, ஆகவே விஷவாயு இருக்க முடியாது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மூடிய தொட்டிக்குள் ஈரத்தில் ஊறிய பலகைகளும் கட்டைகளும் அழுகத் தொடங்கும்போது, அவற்றில் வளரும் நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விடுகின்றன. இரண்டடி சதுரத் திறப்பு ஒன்றே வழி. காற்று ஓட்டமே கிடையாது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த இடம் பாதுகாப்பற்றது என்று கணக்கு. 10 சதவீதத்துக்கும் கீழே போனால் மூச்சுத்திணறல் தெரிவதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். கெட்ட வாடை எதுவும் இல்லாததால் எச்சரிக்கையும் இல்லை. முதலில் இறங்கியவர் சுருண்டு விழுவதைப் பார்த்து, அவருடைய அண்ணனோ மச்சானோ யோசிக்காமல் குதிக்கிறார். ஒரே குடும்பத்தில் இருவர் மூவர் சேர்ந்து சாவதற்குக் காரணம் இதுவே.

இதைத் தவிர்ப்பதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. எல்லா மூடிகளையும் ஒரு நாளுக்கு மேல் திறந்து வைத்து, ஒரு திறப்பு வழியாக ஊதுகாற்றாடியால் வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். வேலை முடியும்வரை அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இறங்குபவரின் இடுப்பில் கயிறு கட்டி, மேலே இருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். என்ன நடந்தாலும் அவர்கள் உள்ளே இறங்கக் கூடாது என்பதை முன்பே சொல்லி வைக்க வேண்டும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்ப்பதை நம்பக் கூடாது: விஷவாயு இருந்தாலும் சுடர் எரியக்கூடும், எரியும் வாயு இருந்தால் தீப்பிடிக்கும். எல்லாவற்றையும்விட நல்லது, தொட்டியின் மேல்மூடியைத் தனியே வார்த்த பலகைகளாகவோ கடப்பாக்கல்லாகவோ போட்டுவிடுவது. அப்போது உள்ளே பிரிக்க எதுவும் இருக்காது. யாரும் இறங்கவும் வேண்டாம். பாதுகாப்பை இன்ஜினியர் தன் வரைபடத்திலேயே தீர்த்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பாதாளச் சாக்கடைக்கும் அஸ்திவாரத்துக்கும் தோண்டும் பள்ளங்களில், 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764, பாலாற்றை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் அதற்கும் முன்பே கொடுப்பது நல்லது. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் வேலை நேரத்தைக் காலை, மாலை என்று பிரிப்பதும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வைப்பதும், டைல்ஸ் அறுக்கும்போது தூசி கிளம்பாமல் நீர் விட்டு அறுப்பதும் எளிதாகச் செய்யக்கூடியவை.

சட்டம் இல்லாமல் இல்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996இல் வந்தது. அதன்கீழ்த் தமிழ்நாட்டு விதிகள் 2006இல் வந்தன. கண்காணிப்பு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் கையில் உள்ளது. முந்தைய 12 மாதங்களில் ஏதேனும் ஒரு நாளில் 10 பேர் வேலை செய்திருந்தாலே அந்தச் சட்டம் பொருந்தியது. வேலை தொடங்குவதற்கு 30 நாள் முன்பாக ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும், 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீடுகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. தளம் போடும் நாளில் ஒரு சாதாரண வீட்டில்கூட இருபது முப்பது பேர் இருப்பார்கள். கம்பிக்காரரின் ஆட்கள் ஐந்து பேர், செண்ட்ரிங்காரரின் ஆட்கள் ஆறு பேர், கலவைக் கூட்டம் தனி என்று பிரித்துச் சொல்லிப் பத்துக்குக் கீழே காட்டிவிடுகிறார்கள். ஒப்பந்ததாரர் மூலமாக வந்தவர்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பதுதான் சட்டம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தப் பழைய சட்டங்களைத் தமக்குள் எடுத்துக்கொண்டுள்ளன. கட்டட வேலையில் பாதுகாப்பு அலுவலர் வைக்க வேண்டிய வரம்பு 500 பேரிலிருந்து 250 பேராகக் குறைந்தது வரவேற்கத்தக்கது. ஆனால் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் சொந்த வீட்டுக்கான விலக்கு 50 லட்சம் ரூபாயாக உயர்ந்துவிட்டது. வேலூர் போன்ற ஊரில் தனி வீடுகளில் பெரும்பாலானவை அந்த விலக்குக்குள் போய்விடும் என்பது கவலைக்குரியது. மேற்பார்வை மிகவும் தேவைப்படும் வேலையிடங்கள்தாம் இப்படிச் சட்டத்தின் கண்ணுக்கு எட்டாமல் போகின்றன.

பெரிய விபத்துகள் நடந்தபோது நாடே பேசியது. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். 2015 ஜனவரி 31 அன்று நம் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். ஒருவர், இருவர் என்று சாகும் சாவுகள் உள்ளூர்ச் செய்தியாக ஒரு நாள் வந்து போகின்றன.

அப்படி ஒருவர் இறந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்குப் பதிவாகும். பெயர் வருவது பெரும்பாலும் மேஸ்திரியுடையது. பிறகு யாராவது பெரியவர்களை வைத்துப் பேசி, ஒரு தொகையைக் கையில் கொடுத்து, வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இதை வெளிப்படையாகத் தடுத்தது: இறந்தவருக்கான இழப்பீட்டைத் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்த வேண்டும், குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகக் கணக்கில் வராது. அந்தச் சட்டத்தின் கணக்கு முறையில், மாதச் சம்பளம் 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய் வரை எடுத்துக்கொள்ளப்பட்டது. அதில் பாதியை வயதுக்கேற்ற எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்காரருக்கு அந்த எண் 207.98. அப்படியானால் 15,59,850 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு. ஒடிசாவிலிருந்து உடலை வாங்க வந்திருக்கும் தம்பிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை. ஒப்பந்ததாரர்களிலும் பலருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஆண்டுப் பிரீமியத்தை அவர்களே முதல் செலவாக எழுதியிருப்பார்கள்.

ஆகவே மாற்றம் தொடங்க வேண்டிய இடம் ஒப்பந்தத் தாள். சாரம், விளிம்புத் தடுப்பு, முட்டுகள் நிற்கும் நாட்கள், காப்பீடு ஆகிய நான்கையும் சதுர அடி ரேட்டுக்கு வெளியே தனி இனங்களாக எழுதி, செய்த பிறகே அவற்றுக்குப் பணம் என்று வைத்தால், குறைந்த ரேட்டு சொல்லி வேலை பிடிக்கும் கான்ட்ராக்டர் இவற்றில் கைவைக்க முடியாது. செண்ட்ரிங்காரருக்குச் சதுர அடிக் கூலியோடு நாள் வாடகையும் சேர்த்துப் பேசினால், பதினான்காம் நாள்வரை காத்திருப்பது அவருக்கு நட்டமாகாது. இந்தக் கூடுதல் செலவை ஏற்க வேண்டியவர் வீட்டுக்காரர் என்பதையும் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். சிறு ஒப்பந்ததாரரின் லாபத்தில் அதற்கு இடமில்லை.

அரசின் பங்குக்கும் ஒரு பொருத்தமான இடம் இருக்கிறது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று அடிப்படையில் இணையவழியாக உடனடி அனுமதி தரப்படுகிறது. களத்தை முன்கூட்டிப் பார்க்க யாரும் வருவதில்லை. அந்த விண்ணப்பத்திலேயே செண்ட்ரிங்குக்கும் சாரத்துக்கும் பொறுப்பேற்கும் இன்ஜினியரின் பெயர், காப்பீட்டு எண், ஒவ்வொரு தளமும் போடப்பட்ட தேதியையும் முட்டு பிரித்த தேதியையும் பின்னர் பதிவேற்றுவதற்கான இரண்டு கட்டங்கள் ஆகியவற்றைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விண்ணப்பப் படிவத்தைத் திருத்தினால் போதும்.